துரை தோற்ற வருஷம்

ஸ்காட்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் மேல்தோட்டத்தில் ஒருவருக்கும் கைகாட்டத் தெரியாது. ஆனால் சனிக்கிழமை அந்த நாட்டில் நடந்த பந்தாட்டத்தில் துரையின் கட்சி ஜெயித்ததா தோற்றதா என்பது, ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பிப் பழம் தோலுரிக்கிற பல்ப்பர் கொட்டகை தொடங்கிக் கூலிக்காரர்களின் கடைசி லயன் வரைக்கும் குஞ்சு குளுவானுக்குக்கூடத் தெரிந்துவிடும். சொன்னால் சிரிப்பீர்கள். அந்தத் தோட்டத்தில் யாரும் சிரித்ததில்லை. பிழைப்பே அதில்தான் இருந்தது.

ஏற்காட்டிலிருந்து தலைச்சோலைக்குப் போகிற வழியில் இருக்கிறது மேல்தோட்டம். கில்கிரிஸ்ட் துரையுடைய காப்பி எஸ்டேட். மற்ற வெள்ளைக்காரர்கள் தோட்டத்தை விற்றுக் காசாக்கிக்கொண்டு கப்பலேறிப் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. இவர் போகவில்லை. பெண்டாட்டியை ஏற்காட்டிலேயே புதைத்திருந்தார், பிள்ளை குட்டி இல்லை. ஸ்காட்லாந்தில் கடலோரமாக ஏர் என்று ஓர் ஊர், அதுதான் அவர் பிறந்த ஊர். அந்த ஊர்ப் பெயரில் ஒரு பந்தாட்டக் கட்சி உண்டு. ஊரைவிட்டு வந்து நாற்பது வருஷம் ஆன பிறகும், சனிக்கிழமை ராத்திரி ரேடியோப் பெட்டியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு அந்தக் கட்சியின் கணக்கைக் கேட்காமல் அவர் படுத்ததில்லை.

ஞாயிறு காலையில் பட்லர் ஸ்தனிஸ்லாஸ் பெட் டீ கொண்டுபோவார். கதவைத் தள்ளும்போதே அவருக்கு விஷயம் தெரிந்துவிடும். துரை ஜன்னலண்டை நின்று சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தால் ஜெயம். போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, "உப்புக் கஞ்சி போதும்" என்றால் தோல்வி. ஜெயம் என்றால் ஸ்தனிஸ்லாஸ் பங்களாவின் பெரிய கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்து கல் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பூசைக்குப் போவார். தோல்வி என்றால் பக்கத்துச் சின்னக் கதவு மட்டும். கூரைக்குத் தகரம் வேண்டுமென்பவன், மாட்டுக்குப் புல்லறுக்க உத்தரவு கேட்பவள், கல்யாணத்துக்கு லீவு கேட்பவன் எல்லாரும் லயன் மேட்டில் நின்று கேட்டைத்தான் பார்ப்பார்கள். திறந்திருந்தால் இறங்கி வருவார்கள். சாத்தியிருந்தால், "இந்த வாரம் ஏரு போச்சாட்டம் இருக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

இந்தச் சட்டத்தைப் போட்டவர் ஸ்தனிஸ்லாஸ்தான். துரைக்கே இது தெரியாது. பல வருஷத்துக்கு முன்னால், ஸ்தனிஸ்லாஸ் சமையல்கட்டில் எடுபிடியாக இருந்த காலத்தில், வெள்ளையன் என்று ஒரு டிரைவர் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டு உள்ளே போனவன், சீட்டுக் கிழிந்து வெளியே வந்தான். அன்று சாயங்காலத்துக்குள் லயன் வீட்டைக் காலி செய்துகொண்டு பெட்டியும் படுக்கையுமாக அடிவாரத்துக்கு இறங்கிவிட்டான். என்ன ஏது என்று யாருக்கும் புரியவில்லை. முந்தின ராத்திரி ஏர் கட்சி தோற்றதும், காலையில் கஞ்சி தொடாமல் திரும்பி வந்ததும் ஸ்தனிஸ்லாஸுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். போட்ட முடிச்சு அப்படியே இறுகிவிட்டது.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. நாலு பேர் வெள்ளையன் மாதிரி வேலையிழந்து போகக்கூடாது என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் நாளாக ஆக அதிலே ஒரு கௌரவம் ஒட்டிக்கொண்டது. தோட்டத்துக் கணக்கெழுதுகிற ரைட்டரே வந்து, "பட்லரே, இன்னிக்குப் பேசலாமா?" என்று கேட்டால் யாருக்குத்தான் தலை கனக்காது?

எழுபத்தேழு புரட்டாசிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை கேட் திறந்தது. அதற்கு முன்னும் பின்னும் வியாழக்கிழமை திறந்ததில்லை. ஸ்காட்லாந்து நாட்டுக் கட்சி வேல்ஸ் நாட்டை ஜெயித்து உலகக் கோப்பைக்குத் தேறிவிட்டதாம். துரை பங்களா வாசலில் நின்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அந்த வியாழக்கிழமை சாந்தாமேரி சமையல்கட்டுப் பின்னால் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடது மாரில் காப்பிக்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி அப்போதே இருந்தது. ஸ்தனிஸ்லாஸின் பெண்டாட்டி அவள். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை.

அவள் வாயைத் திறந்தது காப்பிப் பழம் பறிப்பு உச்சத்தில் இருந்தபோது, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். களத்தில் கொட்டை புரட்டிவிட்டு வந்தவள் இடது கையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொன்னா வைய மாட்டீங்களே?"

"என்ன மேரி?"

"மாருல ஒரு கட்டிங்க. கல்லு கணக்கா இருக்குது. நோவே இல்லைன்னு வுட்டுட்டேன். இப்ப கை இழுக்குது."

ஸ்தனிஸ்லாஸ் விளக்கைக் கொண்டுவந்து பார்த்தார். மறுநாளே முதல் பஸ்ஸில் சேலத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே பார்த்த டாக்டர் தயவானவர். மூடி மறைக்காமல் சொன்னார்: "நாள் கடத்தாதீங்க. வேலூருக்குக் கொண்டுபோங்க. அறுத்து எடுத்துடலாம், வைத்தியம் இருக்கு. ஆனா ஒரு மாசம் ரெண்டு மாசம் அங்கயே தங்கணும். அங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா நல்லது."

தெரிந்தவர் இருந்தார். வேலூர் ஆஸ்பத்திரியில் அறுவை செய்கிற பெரிய டாக்டர் துரையின் சிநேகிதர். வருஷா வருஷம் மே மாதம் மேல்தோட்டத்துக்கு வந்து தங்கி, ஸ்தனிஸ்லாஸ் வைக்கிற கோழிக் குழம்பைத் தின்றுவிட்டுப் போகிறவர். துரை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பட்லருக்கு இரண்டு மாதம் லீவு கொடுக்க வேண்டும். போன மாசம் வழுக்கி விழுந்து கால் ஒடிந்து கட்டுப் போட்டதிலிருந்து துரைக்குச் செருப்பு மாட்டிவிடக்கூட ஸ்தனிஸ்லாஸ்தான் வேண்டும். அந்த நிலையில் ரெண்டு மாதம் போகிறேன் என்று சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிடுவார். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போச்சு. அறுவை முடிந்து வருகிற பெண்டாட்டியை எங்கே கொண்டுபோய்ப் படுக்கவைப்பது?

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும்போது சாந்தாமேரி கேட்டாள்.

"இன்னிக்கே தொரைகிட்டக் கேட்டுடறீங்களா?"

"போன சனிக்கெழம தோத்துருக்குது மேரி. மொகமே செரியில்ல. வர்ற ஞாயித்துக்கெழம பாப்போம்."

அவள் தலையாட்டினாள். அவளும் அந்தச் சட்டத்துக்குள் இருபது வருஷம் குடியிருந்தவள்தானே.

அந்த வருஷம் பார்த்து ஏர் கட்சி அடிமேல் அடி வாங்கியது. வர்ற ஞாயிறு தோல்வி. அதற்கடுத்த ஞாயிறும் தோல்வி. அடுத்ததில் பனி கொட்டி ஆட்டமே நடக்கவில்லை. துரை இரண்டு நாளாய் யாரோடும் பேசவில்லை. தைப்பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு, ஸ்தனிஸ்லாஸ் டீ கொண்டுபோகும்போது உள்ளேயிருந்து சீழ்க்கைச் சத்தம் வந்தது. தட்டை மேஜையில் வைத்தார். ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தார். சாந்தாமேரியைக் கோயில் புடவை உடுத்திக்கொண்டு சமையல்கட்டு வாசலில் நிற்கச் சொன்னார். துரை பார்க்க வேண்டும் என்று கேட்டால் கூப்பிடலாம்.

ஆனால் லயன் மேட்டிலிருந்து ஜனம் மந்தையாக இறங்கி வந்துவிட்டது. எத்தனை வாரக் காத்திருப்பு! கேட்டைக் காக்கிறவனே முதல் ஆளாக உள்ளே போவதா என்று ஸ்தனிஸ்லாஸுக்குக் கூச்சமாகப் போயிற்று. பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? கடைசியில் போய்க்கொள்ளலாம் என்று ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். வாழவந்தியிலிருந்து வேலைக்கு வருகிற பூவாயி ஊற்றுத் தண்ணீருக்கு உத்தரவு வாங்கிக்கொண்டு சிரித்த முகமாய்ப் போனாள். கடைசிக்கு முந்தி அங்கப்பனும் அவன் தம்பியும் போனார்கள். பலாமரம் யாருக்கு என்று துரை முன்னாலேயே ஒருத்தன் மேலொருத்தன் பாய்ந்து மேஜை விளக்கை உடைத்தார்கள். துரை ஊன்றுகோலைத் தரையில் இடித்தார்.

"போதும் ஸ்டானி! கேட்டைச் சாத்து. இன்னிக்கு இனிமே எவன் எதைக் கேட்டாலும் இல்லை. நீ கேட்டாலும் இல்லை!"

கோபத்தில் சொன்ன சொல். மத்தியானம் சாப்பாட்டுக்குள் அவரே மறந்திருப்பார். ஆனால் "நீ கேட்டாலும்" என்றது ஸ்தனிஸ்லாஸின் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளிக்கொண்டு வந்தார். சாந்தாமேரி கோயில் புடவையோடு நின்றிருந்தாள்.

"கேட்டீங்களா?"

"அடுத்த வாரம் மேரி."

மாசி வந்தது. பழம் பறிப்பு முடிந்து, செடிகளின் கிளை வெட்டுகிற கவாத்து ஆரம்பித்தது. வெயில் ஏறி சில்வர் ஓக் மரங்கள் சருகு கொட்டின. பங்குனியில் மழை பெய்து ஒரே ராத்திரியில் தோட்டம் முழுக்க வெள்ளை வெளேரென்று காப்பிப் பூ பூத்து, மலைச்சரிவெங்கும் மல்லிகை போல வாசம் அடித்தது. சாந்தாமேரிக்கு அந்த வாசம் குமட்டியது. கட்டி கொய்யாப்பிஞ்சு அளவாகி, அக்குளிலும் ஒன்று தட்டுப்பட்டது. களத்து வேலையை விட்டுவிட்டாள். ஏர் கட்சி தோற்றுக்கொண்டே இருந்தது. நடுவில் ஏதோ ஒன்றிரண்டு ஜெயித்தது. ஆனால் ஒரு தடவை துரை காய்ச்சலில் கிடந்தார். இன்னொரு தடவை சேலத்துக் காப்பி வியாபாரி குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டான்.

பூவாயி பொறுக்க மாட்டாமல் ஒருநாள் சமையல்கட்டுக்கே வந்துவிட்டாள். சாந்தாமேரியோடு களத்தில் ஒன்றாகக் கொட்டை பொறுக்குகிறவள்.

"பட்லரண்ணா, அக்கா மொகத்தப் பாத்தீங்களா? எலும்பும் தோலுமாப் போச்சு. என்னத்துக்குப் பாத்துக்கிட்டிருக்கீங்க? கேட்டுப்போடுங்க."

"கேக்காம என்ன பூவாயி. ஒருக்கா இல்லைன்னு வாயில வந்துட்டா அப்பறம் தொரை மாத்த மாட்டாரு. வெள்ளையன் கத உனக்குத் தெரியாதா?"

"வெள்ளையன் லீவு கேட்டான். இது உசுரு சமாச்சாரமுங்க."

"உசுரு சமாச்சாரம்கறதாலதான் பயமா இருக்குது. இருக்கறது ஒரே ஒரு கேள்வி. அதத் தப்பான நாளுல கேட்டுத் தொலைச்சுட்டா நான் எங்க போவேன்?"

பூவாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு உங்களாட்டம் வெவரம் பத்தாதுங்க. நான் எங்க மலைச்சாமி சேர்வராயங்கிட்டச் சொல்லிப்போடறேன். தொரை கச்சி ஜெயிச்சா ஒரு சாவல் அறுக்கறேன்னு."

ஏப்ரல் முடிவில் ஏர் கட்சி கடைசிக்கு முந்தின இடத்துக்குப் போய், பெரிய கட்சிகளின் வரிசையிலிருந்து கீழே தள்ளப்பட்டுவிட்டது. அந்த ஞாயிறு கஞ்சிகூட வேண்டாம் என்றார் துரை. ஸ்தனிஸ்லாஸ் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியபோது சாந்தாமேரி முகம் கழுவி, தலை வாரி, முந்தானையால் மார்பை இழுத்து மூடிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எங்க பொறப்பட்டுட்ட?"

"நானே போயித் தொரைகிட்டக் கேக்கறேனுங்க. வாயத் தொறந்து சொல்ல வெக்கமா இருந்தாலும் சொல்லிப்போடறேன். என்னால முடியல."

"இன்னிக்கா? மேரி, இன்னிக்கா! வருசத்துலயே மோசமான நாளு இது."

"எனக்கு எல்லா நாளும் ஒண்ணாத்தான் இருக்குதுங்க."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கெடுத்துப்போடாத சாமி. நாலு மாசத்துக்கு மேல பொறுத்தாச்சு. ஜூன் மாசம் ஸ்காட்லாந்து உலகக் கோப்பைக்குப் போவுது. தொரை சொல்றாரு, கோப்பையையே தூக்கிட்டு வந்துருவாங்களாம். அன்னிக்குக் கேட்டா இந்தத் தோட்டத்தையே எழுதிக்குடுப்பாரு. ஒரே ஒரு மாசம்."

சாந்தாமேரி கையை உருவிக்கொள்ளவில்லை. வாசற்படியிலேயே மெதுவாக உட்கார்ந்தாள். அந்தக் கையை அன்றைக்கு அவர் விட்டிருக்கலாம். விடவில்லை.

மே மாதம் வந்தது. வேலூர் டாக்டர் அந்த வருஷம் பார்த்துச் சீமைக்குப் போயிருந்தார், ஏற்காட்டுக்கு வரவில்லை. சேர்வராயன் திருவிழாவில் மேளம் கொட்டி மலைஜனம் தேர் இழுத்தது. பூவாயி சொன்னபடி வேண்டிக்கொண்டு வந்தாள். ஸ்காட்லாந்து இங்கிலாந்திடம் தோற்றது. துரை அதைக்கூடப் பொருட்படுத்தவில்லை. "அது ஒத்திகை ஸ்டானி" என்றார். ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை ஸ்தனிஸ்லாஸ் கோயிலில் ஒரு கட்டு மெழுகுதிரி ஏற்றினார். பங்குச் சாமியார் பின்னால் வந்து நின்றார்.

"சாந்தாமேரிக்காகவா?"

"ஸ்காட்லாந்துக்குங்க சாமி."

சாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவர் விளக்கவும் இல்லை.

அன்று ராத்திரி ஸ்காட்லாந்து பெரு என்கிற தேசத்திடம் ஒன்றுக்கு மூன்றாய்த் தோற்றது. அப்படி ஒரு தேசம் இருப்பதே மேல்தோட்டத்துக்கு அப்போதுதான் தெரியும். பெருவை எல்லோரும் சேர்ந்து சபித்தார்கள். நாலு நாள் கழித்து ஈரானோடு ஆட்டம். அதில் ஜெயமும் இல்லை, தோல்வியும் இல்லை. ஒன்றுக்கு ஒன்று. துரை உப்புக் கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். சாந்தாமேரிக்கு அந்த வாரம் முதுகெலும்பில் வலி பிடித்துக்கொண்டது. படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பகலெல்லாம் சாரல். அடுப்புச் சாம்பலைத் துணியில் கட்டிச் சுடச்சுட ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்தார் ஸ்தனிஸ்லாஸ். வாய்க்குள் ஹாலந்து, ஹாலந்து என்று முனகிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆட்டம் அவர்களோடுதான். முந்தின உலகக் கோப்பையில் இறுதி ஆட்டம்வரை போன சூரர்களாம்.

திங்கட்கிழமை காலை. டீத் தட்டோடு கதவைத் தள்ளினார். துரை கட்டிலில் இல்லை. வராந்தாவில் பிரம்பு நாற்காலியில், பனிக்குள் உட்கார்ந்திருந்தார். கன்னம் நனைந்திருந்தது. இதுவும் போச்சு என்று ஸ்தனிஸ்லாஸ் நினைத்தார்.

"ஸ்டானி, ஜெயிச்சுட்டோம்" என்றார் துரை.

"தொரை?"

"மூணு ரெண்டு. ஹாலந்தை! என் வாழ்நாளில் இப்படி ஒரு ஆட்டம் கேட்டதில்லை. மூணு கோல் வித்தியாசத்துல ஜெயிச்சிருந்தா அடுத்த சுற்று. மூணு ஒண்ணு வரைக்கும் வந்துட்டோம். இன்னும் ஒண்ணுதான். அதுக்குள்ள அவன் ஒண்ணு போட்டுட்டான். ஜெயிச்சும் வீட்டுக்குத்தான் போகணும். முதல் நாளே இந்த மாதிரி ஆடியிருக்கக்கூடாதா? எல்லாம் முடிஞ்ச பிறகு ஆடுறானுங்க."

ஸ்தனிஸ்லாஸின் காதில் ஜெயிச்சுட்டோம் மட்டும்தான் விழுந்தது. தட்டைக் கீழே வைத்தார். ஆறு மாதமாய் மனசுக்குள் அடுக்கி அடுக்கி வைத்த பேச்சு ஒன்றுகூட வரவில்லை.

"தொரை, என்ற சம்சாரத்துக்கு மாருல கட்டிங்க. வேலூருக்குப் போவோணுமுங்க. பெரிய டாக்டருகிட்ட நீங்க ஒரு வார்த்த..."

அவர் முடிக்கவில்லை. துரை ஊன்றுகோலை விட்டுவிட்டு எழுந்து, நாற்காலியையும் சுவரையும் பிடித்துக்கொண்டே டெலிபோனுக்குப் போய்விட்டார். டிரங்க் கால் போட்டார். எக்ஸ்சேஞ்சில் காத்திருக்கச் சொன்னதற்குக் கத்தினார். சீமையிலிருந்து திரும்பியிருந்த டாக்டர் கிடைத்ததும் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். டிரைவர் பொன்னுவேலைக் கூப்பிட்டு ஜீப்பை எடுக்கச் சொன்னார். தன் கட்டிலில் கிடந்த பஞ்சுத் தலையணையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து ஜீப்பின் பின்சீட்டில் போட்டார்.

"நானும் வர்றேன். ஏறு."

"தொரை, உங்க காலு..."

"ஏறுடா!"

அடிவாரத்தில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார்கள். சாந்தாமேரிக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஆனால் அவள் முகத்தில் அன்று ஒரு தெளிச்சி இருந்தது. "பாத்தீங்களா, தொரை எவ்வளவு நல்லவரு" என்று ஸ்தனிஸ்லாஸின் காதில் சொன்னாள்.

வேலூரில் இரண்டு நாள் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் பெரிய டாக்டர் துரையையும் ஸ்தனிஸ்லாஸையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோழிக் குழம்பு தின்கிற முகம் இல்லை அது. எலும்புக்குப் போய்விட்டது, ஈரலுக்கும் போய்விட்டது, இனி அறுத்துப் பிரயோஜனமில்லை, வலிக்கு மருந்து தரலாம் என்றார். ஜனவரியில் வந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்றும் சொன்னார்.

வெளியே நடையில் ஒரு பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மேல்தோட்டத்தில் துரைக்கு முன்னால் ஸ்தனிஸ்லாஸ் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அன்று உட்கார்ந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"உனக்கு எப்போ தெரியும்?" துரை கேட்டார்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடிங்க."

"ஏன் சொல்லல? என் வீட்டுக்குள்ளேயே இருக்கே. தினம் என் காலைப் பிடிச்சுச் செருப்பு மாட்டினே. ஏன்டா சொல்லல?"

ஸ்தனிஸ்லாஸ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க தோத்துக்கிட்டே இருந்தீங்க தொரை."

துரைக்கு அது புரிய வெகுநேரம் ஆயிற்று. பெரிய கேட்டையும் சின்னக் கதவையும், சீழ்க்கையையும் கஞ்சியையும், லயன் மேட்டில் நின்று பார்க்கிற ஜனத்தையும் ஸ்தனிஸ்லாஸ் ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறிக்கொண்டே வந்தது.

"ஞாயித்துக்கிழமை சில வாரம் ஒருத்தரும் வரமாட்டாங்க. அன்னிக்கு எல்லாம் நான் தனியா உட்கார்ந்திருப்பேன். ஜனங்களுக்குக் குறை ஒண்ணும் இல்லைன்னு நினைச்சேன்" என்றார்.

"வெள்ளையனைத் தோத்த அன்னிக்குத்தானுங்க சீட்டக் கிழிச்சு அனுப்புனீங்க."

"வெள்ளையனா? அவன் முந்தின நாள் குடிச்சுட்டு ஜீப்பை ஓட்டி ஆறாவது வளைவுல பள்ளத்துல விட்டான். ஒரு கிழவி மேல ஏத்தப் பார்த்தான். வெளியில சொன்னா எங்கயும் வேலை கிடைக்காதேன்னு யாருகிட்டயும் சொல்லல." துரை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "அது பந்தாட்டம் ஸ்டானி. வெறும் பந்தாட்டம். தோத்தா எனக்கு வருத்தமா இருக்கும். அதுக்காக உன் பெண்டாட்டி சாகட்டும்னு சொல்வேனா? எந்த நாள் கேட்டிருந்தாலும் வந்திருப்பேனே. பொங்கல் அன்னிக்கு. தோட்டமே தீப்பிடிச்சு எரியற நாளா இருந்தாலும். எந்த நாளும்."

ஸ்தனிஸ்லாஸ் பெரிய வார்டுக்குத் திரும்பினார். ஜன்னலோரக் கட்டிலில் சாந்தாமேரி துரையின் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மருந்து கொடுத்திருந்ததால் வலி கொஞ்சம் மட்டுப்பட்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"முடியாதுன்னுட்டாங்களா?"

அவர் தலையை ஆட்டினார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். வயசான ஆண்பிள்ளை வாய்விட்டு அழுவதைப் பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. அவர் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"தொரை உங்கள வைதாரா? இத்தன நாளு சொல்லாம இருந்துட்டீங்கன்னு?"

"வையல." சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் இருபது வருஷத்தில் அவளிடம் அவர் எதையும் மறைத்தது கிடையாது. "எந்த நாளு கேட்டிருந்தாலும் வந்திருப்பேன்னாரு மேரி. ஏரு தோத்த அன்னிக்கும்கூட. அவருக்கு இந்தச் சட்டமே தெரியாதாம்."

சாந்தாமேரி அவரைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் கண்ணில் அப்படி ஒரு பார்வையை அவர் அதுவரை கண்டதில்லை. ஏசியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"அன்னிக்கு நான் போறேன்னு பொறப்பட்டேன்" என்றாள். "கையப் புடிச்சு நிறுத்துனீங்க."

"ஆமா மேரி."

"எனக்கு உங்க மேல கோவமா வருதுங்க. சாகப்போறவ கோவப்படக் கூடாதும்பாங்க. ஆனா வருதுங்க. நொம்ப வருது."

வார்டில் யாரோ ஒரு பெண் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சாந்தாமேரி ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே வேலூர் வெயில் பொசுக்கியது. பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள்.

"நான் ஒண்ணு கேக்கோணும். இப்பக் கேக்கலாமுங்களா? இல்ல, நாளு கிளு பாக்கோணுமா?"

"கேளு" என்றார்.

"இந்த வெக்கையில என்னால சாக முடியாதுங்க. என்னைய மலைக்கே கூட்டிக்கிட்டுப் போயிடுங்க. இன்னிக்கே. நம்ம ஊட்டுல படுத்துக்கறேன்."

அவர் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட நிற்கவில்லை. வார்டைத் தாண்டி நடைக்கு வந்தார். துரை அதே பெஞ்சில், ஊன்றுகோலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகம் எப்படி இருக்கிறது என்று ஸ்தனிஸ்லாஸ் பார்க்கவே இல்லை. வருகிறபோதே, நாலெட்டுத் தள்ளியிருந்தே, வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.